மைசூர் அரண்மனைக்கு மருமகளாகப் போகிறவர்களுக்கு

ஜாதகம் பொருந்திவிட்டதா? நல்லது. முதலில் உங்கள் பெயரை எங்காவது எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்காது. களலெ குடும்பத்து கெம்பநஞ்சம்மண்ணி இங்கே 'வாணி விலாச சன்னிதானம்' ஆனார். 1900-ல் கத்தியவாரிலிருந்து வந்த பிரதாப குமாரி 'லக்ஷ்மி விலாச சன்னிதானம்'. வாலில் ஒரு 'அம்மண்ணி' வேறு. கோயமுத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணையே அம்மணி என்பார்கள். இங்கே அதற்குப் பல்லக்கு உண்டு, அவ்வளவுதான். மனம் உடைய வேண்டாம், ஐரோப்பாவில் இன்னும் மோசம். ரஷ்யாவுக்கு வாழ்க்கைப்பட்ட ஜெர்மன் பெண் சோஃபியாவுக்கு மதத்தையும் மாற்றி, கேத்தரின் என்று பெயரும் வைத்தார்கள். 1770-ல் ஆஸ்திரியாவின் மரி அந்துவானெத், பிறந்த வீட்டு உடையை எல்லையிலேயே களைந்த பிறகுதான் பிரான்சுக்குள் போக முடிந்தது.

அடுத்து, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வி. உங்கள் ஊரில் இதை அத்தை கேட்பார், எதிர்வீட்டு மாமி கேட்பார். இங்கே ஊரே கேட்கும், நானூறு வருஷமாக. 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார். தோற்றவரின் மனைவி அலமேலம்மாவிடம் நகை கேட்டு ஆள் அனுப்பினாராம். தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளையில்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டு அவள் காவிரியில் குதித்தாளாம். நகை கேட்டவர் ராஜா. நாள் எண்ணப்படுவது மருமகளுக்கு. 2016-ல் துங்கர்பூரிலிருந்து வந்த திரிஷிகா குமாரி மறு வருஷம் மகனைப் பெற்றதும் பத்திரிகைகள் சாபவிமோசனம் என்று கொண்டாடின. இதே வம்சத்தில் 1884-லும் 1953-லும் பட்டத்துப் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்களே என்று கேட்காதீர்கள். சாபத்துக்கும் நடுநடுவே லீவு உண்டு போலிருக்கிறது. ஒன்றும் சரிப்படாவிட்டால் தத்து இருக்கிறது. திரிஷிகாவின் கணவர் யதுவீரே 2015-ல் ராணி பிரமோதா தேவி தத்தெடுத்த பிள்ளைதான்.

பொறுமை வேண்டும். எவ்வளவு என்றால், ராணி லக்ஷ்மம்மண்ணி அளவு. கணவர் 1766-ல் இறந்துபோனார்; அதிகாரம் ஹைதர் கையில், அப்புறம் திப்பு கையில். இந்த அம்மாள் உள்ளே இருந்தபடியே ஆங்கிலேயருக்குத் தூது விட்டு, 1782-ல் தஞ்சாவூரில் ஓர் ஒப்பந்தம் வரைக்கும் கொண்டுபோனார். ஐந்து வயதுப் பேரன் அரியணை ஏறியது 1799-ல். முப்பத்துமூன்று வருஷம். நாம் கேஸ் சிலிண்டருக்கு இரண்டு நாள் பொறுப்பதில்லை.

கடைசியாக, நிர்வாகம். இதை யாரும் கற்றுத்தர மாட்டார்கள், ஒருநாள் தலையில் விழும். 1894 டிசம்பரில் சாமராஜ உடையார் கல்கத்தாவில் தொண்டை அடைப்பானில் இறந்தபோது கெம்பநஞ்சம்மண்ணிக்கு இருபத்தெட்டு வயது, மூத்த மகனுக்குப் பத்து. மகன் சார்பில் ரீஜண்டாக உட்கார்ந்தார். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்களே, இவர் இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்தார்: 1897-ல் மூத்த பெண் கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோனது. ஒப்பாரி வைக்க நேரமில்லை. சென்னையில் பேர் வாங்கிய ஹென்றி இர்வினைக் கூப்பிட்டுப் புதிதாக வரையச் சொன்னார். 1912-ல் முடிந்த அந்தக் கட்டடத்துக்கு ஆன செலவு சுமார் 41 லட்சம். இன்று செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு, கல்யாண மண்டபத்துக் கண்ணாடி மயில்களை அண்ணாந்து பார்க்கிறோமே, அது இதுதான். நடுவில் சேஷாத்ரி ஐயர் திவானாக இருக்க மாரிக்கணிவே அணை தொடங்கியது. 1902-ல் ரீஜண்ட் பதவி முடிவதற்குள் சிவனசமுத்திரத்து மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவும் செய்தால் பெயர் நிற்குமா என்றால், நிற்கும். எங்கள் வாடகை வீட்டுத் தண்ணீர் பில்லின் தலையில் 'வாணி விலாஸ் வாட்டர் ஒர்க்ஸ்' என்றுதான் இருக்கிறது. போன மாதம் மீட்டர் பார்க்க வந்தவரிடம், "கெம்பநஞ்சம்மண்ணி தெரியுமா?" என்று கேட்டேன்.

"மேல் வீடா, கீழ் வீடா?" என்றார்.