மீனுக்கும் ஒரு வாய் காபி

காஞ்சிபுரத்தில் வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவதில்லை. முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்களோ, வரதரைச் சேவிக்க வந்த உறவுக்காரர்களோ, செருப்பைக் கழற்றுவதற்குள் டபரா செட் வந்துவிடும். கூடத்து மீன்தொட்டியும் இந்த உபசாரத்துக்குத் தப்புவதில்லை. "எந்நேரமும் வெறும் தண்ணியிலேயே கெடக்குதுங்களே, பாவம்!" என்று பாட்டி இரக்கப்பட்டால் போதும், டம்ளரில் மிஞ்சிய காபி தொட்டிக்குப் போய்விடும்.

அதில் முதல் வில்லன் பால். ஒரு லிட்டர் பாலைப் பாக்டீரியாக்கள் சிதைத்து முடிக்கச் சுமார் 100 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஐம்பது லிட்டர் தொட்டியில் கரைந்திருப்பதோ அரை கிராமுக்கும் குறைவு. கணக்குப் போட்டால், ஒரு தேக்கரண்டிப் பாலுக்கே மொத்த இருப்பும் காலி. புற்றுக்குப் பால் வார்த்த பழக்கத்தில் தொட்டிக்கும் வார்த்தால், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பாட்டியோ, "இன்னும் கேக்குது பாரு" என்பார்.

அடுத்து டிகாக்‌ஷன். ஹவாயில் அமெரிக்க வேளாண் ஆய்வாளர்கள் தவளையை ஒழிக்கக் காஃபீன் தெளித்தபோது ஓடில்லா நத்தைகள் மாண்டதைக் கவனித்தார்கள். 2 சதவீதக் கரைசல் நத்தைகளைக் கொன்றது என்று 2002இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஒரு வாய் காபி தொட்டியில் கரைந்தால் அவ்வளவு கெட்டியாக இராது. ஆனால் நமக்குப் பொழுதை விடியவைப்பது, தொட்டியில் மீனோடு குடியிருக்கும் நத்தையின் இனத்துக்கு விஷம்.

காபிக்குத் தப்பிய மீனுக்குச் 'சுத்தம்' காத்திருக்கிறது. பட்டுப்புடவை அலசும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில், இயற்கைதானே என்று தொட்டிக் கூழாங்கற்களையும் அலசுவார்கள். அதில் நுரைப்பது சபோனின். செவுள் வழியாக ரத்தத்தில் புகுந்து சிவப்பணுக்களை உடைக்கும். இலுப்பைப் புண்ணாக்கிலும் அதே சரக்குதான். குஞ்சு விடுமுன் குளத்திலுள்ள வேண்டாத மீன்களைத் தீர்க்க, மீன் வளர்ப்போர் அதை ஹெக்டேருக்கு 2,500 கிலோ கணக்கில் போடுகிறார்கள். புடவைக்குச் சாயம் போகாது; மீனுக்கு உயிர் போகும்.

செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று ஊற்றுகிறவர்களும் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவில் சிறு பங்கே நத்தையைச் சுருட்டிவிடும். மீன் மருந்துக் குப்பியில் செம்பு இருந்தால் நத்தையுள்ள தொட்டிக்கு ஆகாது என்பதும் இதனால்தான்.

மது மட்டும் வேறு கதை. தங்கமீனும் அதன் பங்காளியான குரூசியன் கெண்டையும் ஆக்சிஜன் இல்லாத குளிர்நீரில் உடம்புக்குள்ளேயே சாராயம் காய்ச்சிப் பிழைப்பவை. உறைந்த ஏரிகளில் அந்தக் கெண்டையின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் சேரும் என்று ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் எழுதினார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கு வரம்பு 30 மில்லிகிராம். ஏரிக் கெண்டை ஊதினால் கேஸ் நிச்சயம். காஞ்சிபுரத்து வெயிலில் இந்தக் குடிசைத்தொழிலுக்கு அவசியமே வராது. எனவே பட்டு எடுக்க வந்த மாப்பிள்ளை வீட்டார் தங்கள் மதுவில் பங்கை ஊற்றிக்கொடுக்க வேண்டியதில்லை.

மீனுக்கு வேண்டியது ஒன்றுதான். குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வையுங்கள். குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். பிறகு அதை ஊற்றுங்கள், வேறெதையும் ஊற்றாதீர்கள். மிஞ்சிய காபியைத் துளசிமாடத்துக்கும் காட்டாமல், கழுவுதொட்டியில் கொட்டிவிடுங்கள்.