சோப்பும் சாட்சியும்: கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு ஓர் ஆய்வு முன்மொழிவு

கழிப்பறைக்குள் மனிதன் என்ன செய்கிறான் என்பது ஊருக்கே தெரியும். எத்தனை வினாடியில் செய்கிறான் என்பதில்தான் அறிவியலுக்கு ஐயம். ஐயம் தீர்க்க மிடில்மிஸ்ட் முதலான மூவர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆண்கள் கழிப்பறையில் நடத்திய ஆய்வு 1976-இல் வெளியானது. பக்கத்து அறையில் ஒளிந்திருந்தவர், புத்தக அடுக்குக்குள் பதுக்கிய பெரிஸ்கோப் வழியே 60 பேரை நோட்டமிட்டு நேரம் குறித்தார். தனியே நின்றவருக்கு ஆரம்பிக்கச் சராசரியாக 4.9 வினாடி, அந்நியர் ஒருவர் ஒட்டி நின்றால் 8.4. தீபாவளிக்கு முந்தின ராத்திரி சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்றவர் எவரும் இதைச் சும்மாவே சொல்லியிருப்பார். இருந்தாலும் புத்தகங்களால் இப்படியும் ஒரு பயன் உண்டென்று காட்டியதற்காக மூவரையும் மெச்ச வேண்டும்.

கை கழுவும் ஆய்வு இதைவிட நுட்பமானது. வங்கதேச கிராமங்களில் சோப்புக் கட்டிக்குள் அசைவறியும் கருவியைப் புதைத்துக் கொடுத்தார்கள். ஆய்வாளர் வீட்டில் வந்து உட்கார்ந்த நாளில் மட்டும் சோப்பு 35 சதவீதம் கூடுதலாக அசைந்ததாம் (2010). ஆக, சுத்தத்துக்கு மூலகாரணம் கிருமி அன்று, விருந்தாளி. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் நடந்த 'சூப்பர் அம்மா' பிரசாரமோ நோயைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. அருவருப்பையும் தாய்ப்பாசத்தையும் தொட்டுப் பேசியது. 1 சதவீதமாக இருந்த சோப்புப் போட்டுக் கை கழுவல் ஆறு மாதத்தில் 37 ஆனது.

ஏற்காடு அடிவாரத்திலுள்ள எங்கள் ஊரில் பெரிஸ்கோப் எடுபடாது. கழிப்பறைக்குப் புத்தகத்தோடு போகிறவனைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். கருவி வைத்த சோப்பும் தேவையில்லை. வீட்டுக்குப் பின்னாலுள்ள பொடக்காலி வாசலில் எங்கள் ஆயா இருக்கிறார். "கையக் காட்டுடா" என்று உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பது முதற்கட்டச் சோதனை. குதிகால் நனைந்திருக்கிறதா என்பது இரண்டாம் கட்டம். நனையாத குதிகால் வழியேதான் நளனைச் சனி பிடித்தது என்பது இதற்கான கோட்பாட்டுப் பின்புலம். கோட்பாடு மெய்யோ பொய்யோ, கால் சுத்தமாகிவிடுகிறது. மிடில்மிஸ்ட் குழுவினர் ஒப்புதல் வாங்காமல் எட்டிப்பார்த்தார்கள் என்று அடுத்த ஆண்டே கண்டனம் எழுந்தது. ஆயாவும் யாரிடமும் ஒப்புதல் வாங்குவதில்லை. ஆனால் அவர் ஒளிந்து பார்ப்பதில்லை, தெருவுக்கே கேட்கும்படி முடிவையும் உடனுக்குடன் வெளியிட்டுவிடுகிறார்.

நிதி ஒதுக்குவோர் கவனத்துக்கு: பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை ஆயா தூங்குவதால் அந்நேரத் தரவு கிடைக்காது. அப்போது எங்கள் வீட்டில் யாரும் கை கழுவியதற்கும் ஆதாரமில்லை.