நெறிமுறைகள் சமூகத்துக்குத் தாம்பரத்திலிருந்து ஒரு மனு

பெறுநர்: மேன்மைதங்கிய சமூக வழிகாட்டு நெறிமுறைகள் அவர்கள், அனைத்துச் சமூக ஊடக நிறுவனங்கள்.

பொருள்: காரணம் கேட்டு விண்ணப்பம்.

ரயில் பாதைக்குக் கிழக்கேயும் மேற்கேயுமாகப் பிரிந்து கிடக்கும் தாம்பரத்து மனுதாரர்கள் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் முகவரி கிடைக்காததால் இம்மனு பத்திரிகை வழியாக வருகிறது. நிறுவனங்களுக்கு முதலாளிகள் இருக்கிறார்கள், பங்குதாரர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பதிவு காணாமல் போகும்போது திரையில் தெரிவது தங்கள் பெயர் மட்டும்தான்.

தாங்கள் குடியிருக்கும் தளங்கள் செய்த நன்மையை மனுதாரர்கள் மறந்தவர்கள் அல்ல. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, படகு எங்கே வருகிறது, யார் வீட்டு மாடியில் யார் நிற்கிறார்கள் என்ற செய்தி அந்தத் தளங்களில்தான் ஓடியது. பத்திரமாக இருப்பதாக உறவினர்களுக்குத் தெரிவிக்கும் வசதியை ஃபேஸ்புக் அப்போது சென்னைக்குத் திறந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில், பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை இரவில் முதலை ஒன்று கடந்தது. விளக்கு வெளிச்சத்தில், தனக்குச் சொந்தமான தெரு என்பதுபோல, அவசரமே இல்லாமல் புதர்ப் பக்கம் போன அந்தக் காணொளி ஒரே நாளில் ஊரைச் சுற்றிவந்தது. வனத்துறையின் கூடுதல் தலைமைச் செயலர் சுப்ரியா சாஹுவும் எக்ஸ் தளத்திலேயே பதில் சொன்னார். சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் உண்டு, அவை கூச்ச சுபாவம் கொண்டவை, மனிதர்களைத் தவிர்ப்பவை என்றார். பயந்தவர்களுக்கு அரசாங்கத்தின் விளக்கம் கிடைத்தது. முதலை எந்த நெறிமுறையையும் மீறியதாகத் தகவல் இல்லை.

மனிதர்கள் விஷயம்தான் சிக்கல்.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்பவரை எடுத்துக்கொள்வோம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் அவரை அப்புறப்படுத்தக் கூடாது. சட்டம் ஒன்று சொல்ல, லாரி வந்து தராசையும் கூடையையும் அள்ளிக்கொண்டு போவதும் உண்டு. அப்போதும் சண்டை போட எதிரே காக்கிச் சட்டையோ, மாநகராட்சி அடையாள அட்டையோ நிற்கும். திங்கட்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்து ரசீது வாங்கலாம். இப்போது சேலையூரில் வீட்டிலிருந்தபடியே சேலை விற்கும் பெண்மணி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருடைய கடை தங்கள் நிர்வாகத்தில் இருக்கும் தெருவில். ஒருநாள் காலையில் பக்கம் இல்லை. பல வருடத்து வாடிக்கையாளர்கள் இல்லை. ‘எங்கள் சமூக வழிகாட்டுதல்களை மீறியுள்ளீர்கள்’ என்று இரண்டு வரி. எந்தப் படம், எந்த வார்த்தை, எந்த விதி? மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்தினால் அதே இரண்டு வரி, இம்முறை நன்றியுடன்.

இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே தாங்கள் பார்ப்பதில்லை. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு 2019இல் முடக்கப்பட்டது. அவர் தன் கணக்கின் முகப்பில் வைத்திருந்தது 1936இல் ஜெர்மனியில் எடுத்த புகழ்பெற்ற படம். கூட்டமே ஹிட்லர் பாணியில் கை நீட்டி வணக்கம் வைக்க, ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாஜியை எதிர்த்தவரின் படம் வெறுப்புப் படமாகிவிட்டது. வழக்கறிஞர் என்பதால் அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். சேலைக்காரம்மா எங்கே போவார்?

அரசாங்கம் வாயை அடைத்தால் கேட்க வழி இருந்தது. இணையத்தில் எழுதியதற்கே கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. தனியார் நிறுவனத்திடம் கருத்துரிமையைப் பேசினால், இது எங்கள் வீடு, பிடிக்காவிட்டால் வெளியேறலாம் என்பார்கள். சரி, வீடு என்றே வைத்துக்கொள்வோம். 2023 மே கடைசியில் சீமான், திருமுருகன் காந்தி ஆகியோரின் ட்விட்டர் கணக்குகள் இந்தியாவில் மறைக்கப்பட்டபோது ‘சட்டப்பூர்வக் கோரிக்கையின் பேரில்’ என்ற அறிவிப்புதான் தொங்கியது. வீட்டுக்காரர் சட்டத்தைக் கைகாட்டினார். டெல்லியில் மத்திய அரசைக் கேட்டால், தடை உத்தரவுகள் ரகசியம் என்கிறது 2009ஆம் ஆண்டு விதி. அவர்களுடைய அரசியலோடு மனுதாரர்களில் பலருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் யார் கேட்டு, எந்தப் பதிவுக்காக என்று தெரியாமல் ஒருவரைத் திட்டக்கூட முடியாதே!

தாங்கள் கண்டிப்பானவர் என்று நம்பவும் விடமாட்டேன் என்கிறீர்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்வதாகக் காணொளிகள் பரவின. ஒன்று பீகார் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் இருவரின் சண்டை என்று டிஜிபி சைலேந்திரபாபு விளக்கினார். பீகார் அரசு விசாரிக்கக் குழு அனுப்பியது. அசாமுக்கு நேரடி ரயில் புறப்படும் ஊர் தாம்பரம். இங்கே கட்டடம் எழுப்புவோரும் ஓட்டலில் பரிமாறுவோரும் எந்த மொழி பேசுகிறார்கள் என்பது தெருவில் நடந்தாலே காதில் விழும். அவர்கள் ஊரில் அம்மாக்கள் அழுதுகொண்டு போன் செய்த நாட்களில் அந்தக் காணொளிகள் சௌகரியமாக ஓடிக்கொண்டிருந்தன. பொய்யைப் பிரித்துச் சொல்லப் போலீஸ் வர வேண்டியிருந்தது.

மனுதாரர்கள் புதிதாக எதுவும் கேட்கவில்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய தளங்கள் தாமாக ஒரு பதிவை நீக்கினால் காரணத்தைப் பயனருக்குத் தெரிவிக்க வேண்டும், மறுத்துப் பேச நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்கின்றன. 2022 அக்டோபர் திருத்தம், தளங்கள் தம் விதிகளை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் தரச் சொல்கிறது. அரசியல் சட்டத்தின் 14, 19, 21 பிரிவுகள் தரும் உரிமைகளை மதிக்கவும் சொல்கிறது. அதே திருத்தம் மேல்முறையீட்டுக் குழுக்களையும் உண்டாக்கியது. அவற்றை நியமிப்பது மத்திய அரசு. பதிவை மறைக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறவரே தீர்ப்பும் சொல்வது வசதியான ஏற்பாடு. யாருக்கு வசதி என்பது வேறு.

ஆகவே, நீக்கிய பதிவு எது, மீறிய விதி எது, பார்த்தது மனிதரா இயந்திரமா, அரசு கேட்டதா என்ற நான்கையும் பிழையில்லாத தமிழில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறார்கள்.

திறந்த கடிதத்துக்குத் தாங்கள் மசிந்த முன்னுதாரணமும் உண்டு. 2016 செப்டம்பரில், நேப்பாம் குண்டில் வெந்து ஓடிவரும் வியட்நாம் சிறுமியின் படத்தை நிர்வாணம் என்று ஃபேஸ்புக் நீக்கியது. நார்வேயின் ‘ஆஃப்டன்போஸ்டன்’ ஆசிரியர் சக்கர்பெர்க்குக்கு முதல் பக்கத்தில் கடிதம் எழுதினார். அந்நாட்டுப் பிரதமர் எர்னா சோல்பர்க் அதே படத்தைப் போட, அவர் பதிவும் போனது. அதன் பிறகே படம் திரும்பி வந்தது. தாம்பரத்துக்குப் பிரதமர் கிடையாது. 2021இல் மாநகராட்சியானதால் மேயர் உண்டு, 70 வார்டுகளுக்குக் கவுன்சிலர்களும் உண்டு. இத்தனை பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டால் ஒரு நார்வே பிரதமருக்கு ஈடாகுமா என்பதைத் தாங்கள் முன்கூட்டியே தெரிவித்தால், மாமன்றக் கூட்டத்தில் தீர்மானம் வைக்கச் சௌகரியமாக இருக்கும்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்,
தாம்பரம்.