பாயைச் சுருட்டத் தெரியாத பெருமாளுக்கு ஒரு விண்ணப்பம்

அகில உலக மடிக்கணினிக் கம்பெனியின் வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவுக்கு,

ஓரிக்கையில் ஜக்கார்டு டிசைன் போட்டு வயிறு கழுவும் அடியேனின் அநேக கோடி நமஸ்காரம்.

தேவரீர் அனுப்பிய ஜாப் ஷீட் வந்து சேர்ந்தது. ‘வாடிக்கையாளரால் விளைந்த சேதம். திரவம். வாரண்டி செல்லாது. கீபோர்டு பதிந்த மேல் மூடியான சி பேனல் முழுசாக மாற்ற வேண்டும்.’ கீழே, லேப்டாப் வாங்கின விலையில் பாதியை எட்டிப் பிடிக்கிற ஒரு தொகை. அதற்கும் கீழே பொடி எழுத்தில், பிரித்துப் பார்த்த கூலி திரும்பக் கிடைக்காது என்று ஒரு வரி. வேலை செய்யாமல் போனது நாலு எழுத்தும் ஒரு ஸ்பேஸ் பாரும்தான் என்பதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

அதையாவது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். உங்கள் கவுண்டரில் கிடைத்த மரியாதை ஊரறிய நடந்தது. டோக்கனோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் உங்கள் பையன் டார்ச் அடித்து, உள்ளே ஒட்டியிருந்த, ஈரம் பட்டால் நிறம் மாறும் பொட்டு அளவு ஸ்டிக்கரைக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டியது சிவந்து கிடந்தது. கொலைக் கேசில் கத்தியைக் கண்டெடுத்த மாதிரி ஒரு பூரிப்பு அவர் முகத்தில். “டீயா, காபியா சார்?” காபி என்றேன். “சர்க்கரை போட்டதா?” போட்டதுதான் என்றேன். அதையும் ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பக்கத்து நாற்காலிப் பெரியவர், இந்த வயசில் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்கு புத்தி சொன்னார். டம்ளரைத் தட்டிவிட்டது எங்கள் வீட்டுப் பூனை. பூனைக்குக் கையெழுத்து வராது என்பதால் நான் போட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு பெருமாள் இருக்கிறார். சின்ன காஞ்சிபுரத்தில், சொன்னவண்ணம் செய்த பெருமாள். காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான், உங்கள் தலைமை அலுவலகத்துக்காகச் சொல்கிறேன். பல்லவ ராஜா கணிகண்ணனை ஊரைவிட்டு விரட்டினான். குருவான திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்பிவிட்டார். நீயும் வா என்று அவர் சொன்ன ஒரு சொல்லுக்காகப் பெருமாள் எழுந்து, படுத்திருந்த பாம்பைப் பாயாகச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அந்த ராத்திரி தங்கியது எங்கள் ஓரிக்கையில். ராஜா வந்து காலில் விழுந்ததும் திரும்பிப் போய்ப் பாயை விரித்து, பழையபடி படுத்துக்கொண்டார். வழக்கத்துக்கு மாறாகப் பக்கம் மாற்றிப் படுத்தார் என்பார்கள், ஆனால் படுத்தார். கவனிக்க வேண்டும்: ஆயிரம் தலை ஆதிசேஷன். கழற்றினார், மாட்டினார். பாய் நனைந்தால் வைகுண்டத்தையே புதுசாக வாங்கு என்று எஸ்டிமேட் நீட்டவில்லை.

தேவரீரும் ஒரு காலத்தில் சொன்னவண்ணம் செய்தவர்தான். பழைய லேப்டாப்பைக் கவிழ்த்தால் முதுகில் கீபோர்டு படம் போட்ட ரெண்டு மூன்று ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றி, மேலே இருக்கும் கிளிப்பைத் தள்ளினால் கீபோர்டு தானாக எழும்பும். ரிப்பன் கேபிளின் பூட்டை நகத்தால் நிமிர்த்தி இழுத்தால் பாய் சுருண்டு கைக்கு வந்துவிடும். திங்க்பேடில் கொட்டின தண்ணீர் கீழே வடிந்து போக ஓட்டையே வைத்திருந்தார்கள். எந்த ஸ்க்ரூ எங்கே என்று சொல்லும் மேனுவலை ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள். காபி குடிக்கிறவன்தான் கம்ப்யூட்டரும் வாங்குவான் என்று தெரிந்த மனிதர்கள்.

இப்போது அந்தப் பாயைப் பெருமாளின் முதுகோடு உருக்கி ஒட்டிவிட்டீர்கள். அடி மூடி, பேட்டரி, ஃபேன், மதர்போர்டு, ஸ்பீக்கர் என்று எல்லாவற்றையும் இறக்கி வைத்தால்தான் கீபோர்டின் முதுகே கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தாலும் வராது. வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் ரிவெட், ஒவ்வொன்றின் தலையும் சூட்டில் நசுக்கப்பட்டது. கீபோர்டு உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். நடுவில் பாலும் சர்க்கரையும் புகுந்தால் அரிசி மூட்டையில் புதைத்து வைத்தாலும் சரியாகாது. மாற்றத்தான் வேண்டும்.

விரல் தேய்கிற இடமும் தூசி விழுகிற இடமும் காபி கொட்டுகிற இடமும் அது ஒன்றுதான். அதைப் பார்த்தா கழற்ற முடியாமல் செய்தாய்? அரை மில்லிமீட்டர் மெலிசாக வேண்டும் என்று உன்னிடம் யார் அழுதது? முகூர்த்தப் புடவைக்குப் பார்டர் பாதியில் நின்றது. தறி சும்மா கிடந்தது. தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. தறிக்காரர் வாசலில் வந்து ஒன்றும் கேட்காமல் நின்றார். நீ என்னிடம் சர்க்கரை போட்டதா என்று கேட்டாய்.

க்ஷமிக்க வேண்டும். தேவரீரின் மகிழ்ச்சிப் பிரிவுக்கு இப்படி எழுதலாகாது.

ஜக்கார்டு என்றேனே, அது 1804இல் பிரான்சில் பிறந்தது. ஓட்டை போட்ட அட்டை சொல்கிறபடி நூல் எழும்பும். அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் அட்டை வைக்க நினைத்தார். ஆகவே தேவரீரின் பூர்வீகமே தறிதான். ஒரு பார்டருக்கு நூற்றுக்கணக்கில் அட்டை கோத்திருக்கும். ஒன்று கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாகக் குத்தி, நூலால் கோத்துத் தொங்கவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மாலையையே மாற்று என்று சொல்கிறவனைத் தெருவில் நடமாட விடமாட்டார்கள்.

அரசாங்கத்தைக் கூப்பிடுவேனோ என்று பதற வேண்டாம். டெல்லியில் 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தார்கள். திறந்து பார்த்தேன். உங்களைப் போன்றவர்களின் கஸ்டமர் கேர் விலாசம் இருக்கிறது, அதாவது நான் கிளம்பி வந்த அதே வாசல். எந்தப் பொருளை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மார்க் போட வேண்டும் என 2025இல் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. முதலில் செல்போனுக்கும் டேப்லெட்டுக்குமாம், லேப்டாப் காத்திருக்க வேண்டும். பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்தே லேப்டாப்புக்கும் பத்துக்கு இத்தனை என்று விலைச்சீட்டுப் பக்கத்தில் போடுகிறார்கள். ஆப்பிளுக்கே பட்டாம்பூச்சிக் கீபோர்டு தகராறு வழக்காகி, 2022இல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அது அமெரிக்கா. இங்கே பல்லவ ராஜாவே வந்தாலும் நீங்கள் டோக்கன்தான் கொடுப்பீர்கள்.

ஆகவே ஊரில் ஒரு தம்பியிடம் போனேன். அவர் என்னிடம் சர்க்கரை பற்றிக் கேட்கவில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து கீபோர்டை மட்டும் வரவழைத்தார். விலை, உங்கள் ‘பிரித்துப் பார்த்த கூலி’க்குக் கொஞ்சம் மேலே. பிளேடால் ரிவெட் தலைகளை ஒவ்வொன்றாகச் சீவி, நெம்பி, பழைய பாயைச் சுருட்டினார். பின்பக்கம் காபி காய்ந்து பாலாற்று வரைபடம் போல இருந்தது. புதுசை வைத்து, ரிவெட் தண்டுகளைச் சால்டரிங் அயர்ன் முனையால் தொட்டு உருக்கி மூடினார். ஸ்பேஸ் பார் கொஞ்சம் சத்தம் போடுகிறது. பெருமாளே பக்கம் மாறிப் படுத்தவர்தானே என்று விட்டுவிட்டேன். இந்த விண்ணப்பம் அதில்தான் அடித்தது.

இணைப்பு: தீப்பெட்டி ஒன்று. சீவி எடுத்த ரிவெட் தலைகள் உள்ளே. அதிகாரபூர்வ உதிரிபாகம் என்பதால் வெளியில் போட மனசு வரவில்லை. எண்ணிப் பார்த்து, குறைவில்லை என்று ரசீது அனுப்பவும். எண்ணின கூலியை என் கணக்கில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
சர்க்கரை போட்ட காபி குடிக்கும் ஒரு வாடிக்கையாளன்,
ஓரிக்கை, காஞ்சிபுரம்