வாளையார் தாண்டினால் சில்லு

கோயம்புத்தூரில் ஒருவர் லாரியில் கண்ணாடி ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வைக்கோல் திணித்து, மரச்சட்டம் அடித்து, டிரைவரிடம் நூறு தரம் “பாத்துப் போங்கண்ணா” சொல்லி அனுப்புகிறார். லாரி எட்டிமடை தாண்டி வாளையாரில் எல்லையைக் கடக்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கவில்லை, ஒரு கீறல் விழவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் சரக்கு இறக்க வந்த ஆள் எட்டிப் பார்த்துவிட்டு, “சில்லு வந்நு” என்று குரல் கொடுப்பார். டிரைவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

தமிழில் சில்லு என்றால் உடைந்தது. மலையாளத்தில் சில்லு என்றால் இன்னும் உடையாதது.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடியை ஒழிக்கும்வரை, வாளையாரில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றன. அரிசியைக் கிளறினார்கள், கோழியை எண்ணினார்கள். சொற்களை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. உண்மையான கடத்தல் அதில்தான் நடந்தது.

இந்தக் கடத்தலுக்கு வயது இரண்டாயிரம். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கட்டிய மேஸ்திரி சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மறந்து விட்டுவிட்ட இடம் பாலக்காட்டுக் கணவாய். அதன் மேற்கு வாசலுக்கு அப்பால் முசிறித் துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டில் பெரிப்ளஸ் என்ற வணிகக் கையேட்டை எழுதிய பெயர் தெரியாத கிரேக்கர், அந்தக் கரையில் எதெல்லாம் விலைபோகும் என்று பட்டியல் போட்டார்: காசு, துணி, பவளம், செம்பு, தகரம், ஈயம், உருவம் கொடுக்காத கச்சாக் கண்ணாடி. ஒயினும் போகும், ஆனால் அதிகமில்லை என்றும் குறித்தார். கேரளக் கரையில் மது அதிகம் விற்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதிலிருந்தே அது எவ்வளவு பழைய காலம் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கணவாயின் கிழக்கு வாசலில் நொய்யல். அதன் கரையில் வெள்ளலூர், ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்த ஊர். ஆற்றோடு இன்னும் போனால் கொடுமணல், கல்மணி உருட்டுகிறவர்களின் அந்தக் காலத்துத் தொழிற்பேட்டை. பச்சைக்கல்லுக்குப் பக்கத்திலேயே படியூர் இருந்தது.

ரோமாபுரியில் உட்கார்ந்துகொண்டு எழுத்தாளர் பிளினி இதையெல்லாம் கணக்குப் பார்த்தார். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று ஓரிடத்தில் புலம்பினார். இந்தியக் கண்ணாடிக்கு ஈடில்லை, உடைந்த பளிங்கை உருக்கிச் செய்கிறார்களாம் என்று இன்னோரிடத்தில் மெச்சினார். பளிங்குக்குச் சாயமேற்றிப் பச்சைக்கல் என்று தலையில் கட்டுகிறார்கள் என்று வேறோரிடத்தில் குமுறினார். மூன்றையும் சேர்த்துப் படித்தால், பிளினியின் வீட்டில் யாரோ மோதிரம் வாங்கி ஏமாந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

கண்ணாடியின் ஜாதகம் இதுதான். அது தானாக இருந்து பிழைத்ததே இல்லை. இன்னொன்றாக நடித்தே பிழைத்தது. பெயரும் இரவல். கழுத்தில் கோத்தால் மணி, தெளிந்து நின்றால் பளிங்கு. மணிமேகலைக் காப்பியத்தில் சுதமதி தன் தோழி மணிமேகலையை ஒளித்துவைத்ததும் பளிக்கறையில்தான். ஒளிவதற்கு உலகத்திலேயே மிகப் பொருத்தமற்ற இடம். அவளைத் தேடி வந்த உதயகுமரனுக்கு உள்ளே இருப்பவள் தெரிகிறாள், வழி தெரியவில்லை. சோழ நாட்டு இளவரசன் சுவரைக் கையால் தடவிக்கொண்டே மண்டபத்தைச் சுற்றி வருகிறான். இன்றைக்குப் பெரிய மால்களின் வாசலில் நெற்றியை முட்டிக்கொள்கிறவர்கள் ஆறுதல் கொள்ளலாம், ராஜகுடும்பத்துக்கே நேர்ந்தது.

சரி, கண்ணாடி என்ற சொல்லாவது அதன் சொந்தச் சொத்தா? அதுவும் இல்லை. முகம் பார்க்கும் ஆடி முதலில் உலோகம். தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய அந்த உலோகத்துக்குத்தான் பட்டா இருந்தது. கண்ணாடி பின்னால் வந்து, ரசம் பூசிக்கொண்டு, வீட்டோடு பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டது. ஆறன்முளையில் மட்டும் பழைய உரிமையாளர் வெளியேற மறுத்துவிட்டார். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்க்கும் ஆறன்முளைக் கண்ணாடியில் பெயருக்குக்கூடக் கண்ணாடி இல்லை. அதைச் செய்யும் குடும்பங்களின் முன்னோர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கோயில் வேலைக்குப் போனவர்கள் என்பது அங்குள்ள வழக்கு.

மலையாளிகள் இந்த விஷயத்தில் கறார். முகம் தெரிந்தால் கண்ணாடி. அந்தப் பக்கம் இருப்பது தெரிந்தால் சில்லு. மூக்கில் ஏறினால் கண்ணட. தமிழர்களாகிய நாம் தாராளப் பிரபுக்கள்: முகம் தெரிந்தாலும் கண்ணாடி, முதுகு தெரிந்தாலும் கண்ணாடி, ஜன்னலில் இருந்தாலும் கண்ணாடி, மூக்கில் இருந்தாலும் கண்ணாடி. எதைச் சொல்கிறோம் என்று கேட்கிறவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

பாலக்காட்டில் கண்ணாடி என்றே ஓர் ஊரும் உண்டு. கண்ணாடிப்புழை என்ற ஆறும் உண்டு. அந்த ஆற்றுக்குள் வருவது நம் ஆழியாற்றுத் தண்ணீர். மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு என்று பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் சொல்கிறது. 1970 மே 29-இல் கையெழுத்திட்டு, 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு தாலி கட்டியதுபோல. அன்றிலிருந்து இரு மாநில அதிகாரிகளும் அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறார்கள். அவரவருக்கு அவரவர் முகமே தெரிகிறது.

சில்லுவின் கதை இன்னும் விசேஷம். உயிர் ஒட்டாமல் தனி வடிவத்தில் நிற்கும் சில மெய்யெழுத்துகளுக்கும் மலையாளத்தில் சில்லு என்றே பெயர். கணினியில் அவற்றுக்குத் தனி எண் தரலாமா கூடாதா என்று அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி, 2008-இல் யூனிகோடு 5.1 வந்தபோதுதான் தந்தார்கள். நாம் புள்ளி வைத்து முடித்த காரியம்.

அடுத்தது குப்பி. தமிழனுக்குக் குப்பி என்றால் வைத்தியர் கொடுத்த தைலம், அல்லது சயனைடு. மலையாளிக்கு அது சனிக்கிழமை சாயங்காலம். அங்கே கண்ணாடி வளையலும் குப்பிவளைதான். அந்தச் சனிக்கிழமைக் குப்பிக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் பெயர் பாட்டில். குடித்ததும் காட்டில் வீசப்படும். யானைக் காலில் சில்லு ஏறுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தர ஆரம்பித்தது. ரோமாபுரியிலிருந்து கப்பலேறி வந்த பொருளுக்குக் கடைசியில் அரசாங்கம் போட்ட விலை.

டீக்கடைக்குள் நுழைந்தபோதுதான் கண்ணாடியின் மானம் முழுக்கப் போனது. உள்ளே இருப்பதைக் காட்டவேண்டிய டம்ளரை வைத்து, குடிப்பவரின் சாதியைக் காட்டினார்கள். ஊருக்கு ஒரு டம்ளர், சேரிக்கு ஒரு டம்ளர், சில இடங்களில் சிரட்டை. கொங்கு மண்டலம் இந்தப் பந்தயத்தில் பின்தங்கியதாகப் புகார் இல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. கடைக்காரர் அந்த டம்ளரைத் தனி ஆணியில் மாட்டினார். பிளாஸ்டிக் கப் வந்ததும், சில கடைகளில் அதையும் ஒரு தரப்புக்கு மட்டும் நீட்டினார்கள். பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயர் ‘இரட்டைக் குவளை முறை’. டீக்கடையில் “ஒரு குவளை டீ” என்று யார் கேட்கிறார்கள்? செய்த அழுக்குக்கு மட்டும் செந்தமிழ்.

இப்படி ஊரார் பெயரையெல்லாம் சுருட்டி வாழ்ந்த கண்ணாடியை, எவர்சில்வர்தான் கடைசியில் பழிவாங்கியது. ஸ்டீல் கிளாஸ், பிளாஸ்டிக் கிளாஸ், பேப்பர் கிளாஸ் என்று அதன் ஆங்கிலப் பெயரை ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டார்கள். எல்லைக்கு இருபுறமும் ஒரேபோல செல்லுபடியாகும் சொல் இன்று அதுதான், அதில் கண்ணாடி மட்டும் இல்லை. நிஜமான கண்ணாடியில் டீ வேண்டும் என்றால் பாலக்காட்டில் ‘குப்பி கிளாஸ்’ என்று கேட்க வேண்டும். கோவையில் ‘கண்ணாடி கிளாஸ்’. இரண்டு முறை பெயரைச் சொன்னால்தான் ஒரு முறை நம்புகிறார்கள். இரண்டாயிரம் வருஷம் வேஷம் கட்டியவனுக்கு இது குறைந்தபட்சத் தண்டனை.