சுகப்பிரசவ மாப்பிள்ளை

“நாங்க இப்ப ஏழு மாசங்க” என்று ஓர் ஆண்பிள்ளை உங்களிடம் சொன்னால், சட்டென்று அவர் வயிற்றைப் பார்த்து அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அங்கே இருப்பது தொப்பைதான். பிள்ளை அவர் மனைவியின் வயிற்றில் பத்திரமாக இருக்கிறது. மசக்கை, முதுகுவலி, கால் வீக்கம், ராத்திரியில் நாலு தடவை எழுந்து பாத்ரூம் போவது இதையெல்லாம் அந்தப் பெண் பார்த்துக்கொள்கிறாள். முடிவெடுக்கிற பாரத்தை மட்டும் இவர் சுமக்கிறார்.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சுகப்பிரசவ மாப்பிள்ளை. கோவை, திருப்பூர் பக்கம் இந்த ரகம் கொஞ்சம் செழிப்பாக விளைகிறது. சென்னைப் புறநகரிலும் உண்டு. 2024-ல் குன்றத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுப் பிரசவ விவகாரம் போலீஸ் வரை போனபோது, ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்திருந்த ஒரு வாட்ஸ்அப் குழு வெளியே வந்ததே, நினைவிருக்கும். ஆகவே ஒன்றிரண்டு பேரோடு முடிகிற சங்கதி இல்லை. சரவணம்பட்டியில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவரை இங்கே மாதிரிக்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஐந்து வருஷம் முன்பு இவர் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். முதலில் செக்கு எண்ணெய்க்கு மாறினார். நல்ல எண்ணெய்தான், வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் மண்பானை வந்தது, மாப்பிள்ளைச் சம்பா வந்தது, காலைக் காபி போய் ஆவாரம்பூக் கஷாயம் வந்தது. பிறகு சோப்பு போயிற்று, ஷாம்பு போயிற்று. இந்த வரிசையில் அடுத்தபடியாக வந்து நின்றது மனைவியின் பிரசவம். ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய காரை மட்டும் கம்பெனி சர்வீசுக்குத்தான் விடுவார். தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் தொட்டால்கூட வாரண்டி போய்விடுமாம்.

“பசு மாடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகுதுங்க?” என்பது இவருடைய முதல் அஸ்திரம். மாமனாரிடமே அதை எய்தார். மாமனார் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் விவசாயி, கட்டுத்தறியில் எட்டு உருப்படி நிற்கிறது. மாப்பிள்ளைக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லாதவர். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “போன தை மாசம் செவலைக்குக் கன்னு குறுக்க நின்னுக்கிச்சுங்க மாப்ள. நடுராத்திரி டாக்டரைக் கூட்டியாந்து, அவரு தோள் வரைக்கும் கையை உட்டுத்தானுங்க இழுத்தாரு.” மாப்பிள்ளை உடனே யானைக்கு மாறிவிட்டார். கோபியில் யாரும் யானை வளர்ப்பதில்லை.

இரண்டாவது அஸ்திரம் முன்னோர். இதற்கு அவர் வீட்டிலேயே சாட்சி இருந்தது. எண்பத்தைந்து வயது ஆத்தா, அப்பாவைப் பெற்றவர். மாப்பிள்ளை செல்போனை நிறுத்திவைத்துப் படம் எடுத்தார்.

“ஆத்தா, அந்தக் காலத்துல எல்லாம் வீட்டுலதானே பெத்துக்கிட்டீங்க?”

“ஆமாஞ் சாமி. ஆறு பெத்தேன்.”

அவ்வளவுதான், படப்பிடிப்பு முடிந்தது. அந்தப் பத்து விநாடிக்கு வீணை இசை சேர்த்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். ஆத்தா அதற்குமேல் சொன்னது படத்தில் இல்லை. சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பேரனின் மனைவிதான் கேட்டாள். ஆறில் தங்கியது நாலு. தலைப்பிரசவத்துக்கு மூன்று நாள் வலி. கொடியை அறுத்தது கருக்கரிவாள். அறுத்த இடத்தில் சாம்பலை வைத்து அமுக்கினார்கள். மூன்றாவது பிள்ளைக்கு ஏழாம் நாள் வாய் கட்டிக்கொண்டது, பால் குடிக்கவில்லை, உடம்பு வில்லாக வளைந்தது. ஆத்தா அதைக் காத்துக் கருப்பு என்கிறார். அது டெட்டனஸ். தாய்மாருக்கு ஊசி போட்டுப் போட்டு, சுத்தமான இடத்தில் பிரசவம் பார்த்துப் பார்த்துத்தான் அது அடங்கியது. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் டெட்டனஸை ஒழித்த நாடுகளின் பட்டியலில் இந்தியா சேர்ந்ததே 2015-ல்தான்.

இயற்கையை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் அந்த வீட்டில் ஆத்தாதான். காரணம், இயற்கையை நேரில் பார்த்தவர் அவர் ஒருவரே.

மாப்பிள்ளைக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் அவர் முகம் சுளிப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவம் சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 64-ஐ ஒட்டி வருகிறது. இவ்வளவு பேருக்குக் கத்தி வைத்தே ஆக வேண்டுமா என்று கேட்கிறவரைப் பைத்தியம் என்று ஒதுக்க முடியாது. கேட்க வேண்டிய கேள்விதான். டாக்டரிடம் கேட்க வேண்டிய அந்தக் கேள்வியை, வீட்டு ஹாலில் தண்ணீர்ப் பிரசவத்துக்கென்று வாங்கி வைத்த காற்றடைத்த தொட்டியிடம் கேட்கிறார் என்பதுதான் என் வருத்தம்.

“நெதர்லாந்துல எல்லாம் பாருங்க” என்பது மூன்றாவது அஸ்திரம். பார்த்தால், அங்கே வீட்டில் பிரசவம் பார்க்க வருகிறவர் நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவச்சி. சிக்கல் வரும் என்று தெரிந்த பெண்ணை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். ரத்தத்தை நிறுத்தும் ஊசி அவர் பையிலேயே இருக்கும். குனிந்து வேலை செய்து அவருக்கு இடுப்பு போய்விடக் கூடாதென்று வீட்டுக்காரர்கள் கட்டிலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தி வைக்க வேண்டும். நம் மாப்பிள்ளை நெதர்லாந்திலிருந்து தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்தத் தொட்டி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் குடித்தனம் என்பதே அதைச் சுற்றிக்கொண்டு நடப்பதாகிவிட்டது. இரண்டு படுக்கையறை வீடு. கட்டுச்சோறு போட்டுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதாக இருந்தார்கள். அதை மாப்பிள்ளை நிறுத்திவிட்டதால் பெண்ணைப் பெற்றவள் பெட்டியோடு இங்கே வந்துவிட்டாள். பெண்ணின் மாமியார், ஆத்தா, கல்லூரி விடுமுறைக்கு வந்த கொழுந்தியாள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். ஹாலில் சோபாவை ஓரம் கட்டிவிட்டு ஐந்நூறு லிட்டர் தொட்டி. சீரியல் பார்க்கிறவர்கள் தொட்டியின் விளிம்புக்கு மேலே தலையை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

கொழுந்தியாள் பொறியியல் மாணவி. ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் கணக்குப் போட்டாள். “மாமா, உங்க கீசர் பதினஞ்சு லிட்டர். ஒரு தடவை கொதிச்சதுல பச்சைத்தண்ணி விளாவினா முப்பத்தேழு டிகிரியில நாப்பத்தஞ்சு லிட்டர் தேறும். தொட்டி நிறைய பதினோரு பன்னெண்டு தடவை கொதிக்கோணும். தடவைக்கு இருபது நிமிஷம் வெச்சாலும் நாலு மணி நேரம். அதுக்குள்ள முதல்ல ஊத்தினது ஆறிப்போயிருமே?” மாப்பிள்ளை அவளைக் கருணையோடு பார்த்தார். வலியை வரவேற்கப் பழகினால் நேரம் ஒரு பொருட்டே இல்லை என்றார். நம் பக்கம் தண்ணீர் ஒன்றுவிட்ட ஒரு நாள்தான் வருகிறது, வலி எந்த நாளில் வரும் என்று அவள் மேலும் கேட்டாள். அதற்கும் எக்செல் தாளில் ஒரு கட்டம் திறக்கப்பட்டது.

எக்செல் தாளைச் சொல்லாமல் விடக் கூடாது. ‘பிரசவத் திட்டம், திருத்தம் 14’ என்று அதற்குப் பெயர். யார் விளக்கேற்றுவது, யார் முதுகு தேய்ப்பது, எந்த ராகம் எப்போது ஒலிப்பது என்று நிமிஷக் கணக்கில் இருந்தது. அதில் பெற்றுக்கொள்ள வேண்டியவளுக்கு ஒதுக்கியிருந்த வேலை ‘ஒத்துழைப்பு’.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மனைவி மாட்டேன் என்றுவிட்டதால் மாப்பிள்ளையே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தாள். மூச்சை இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. பின்னணியில் நீலாம்பரி. அது தூங்கவைக்கிற ராகம், தன் வேலையைச் சரியாகச் செய்தது. மாப்பிள்ளை வாய் பிளந்து குறட்டை விட ஆரம்பித்த நேரத்தில் தொட்டியின் அடிவால்வு பிடுங்கிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. சிறிது நேரத்தில் அழைப்புமணி அடித்தது. கீழ்வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர்.

“ஏனுங்க தம்பி, எங்கூட்டு ஹால்ல தண்ணி சொட்டுது. பனிக்குடம் ஒடைஞ்சிருச்சுங்களா?”

கர்ப்பிணி சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். ஈர வேட்டியோடு நின்ற மாப்பிள்ளை அதையும் எக்செல்லில் குறித்துக்கொண்டார்: ‘பொய்வலி, நாற்பது விநாடி.’

சுகாதாரச் செவிலியர் வந்தது அதற்கு மறு வாரம். நர்சம்மாவைக் கண்டாலே மாப்பிள்ளை கொஞ்சம் விறைப்பார். கர்ப்பத்தை அரசிடம் பதிகிற பிக்மி எண் எதற்கு, நம் பிள்ளைக்கு எதற்கு நம்பர் என்று மூன்றாம் மாதமே தத்துவம் பேசியவர். அந்தப் பதிவு இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டும், முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் சத்துணவுப் பெட்டகமுமாகச் சேர்ந்து வரும் 18,000 ரூபாயும் வராது என்று மாமியார்தான் மருமகளைச் சத்தமில்லாமல் கூட்டிப்போய்ப் பதிந்துவிட்டு வந்திருந்தார். மகனுக்குக் கோயிலுக்குப் போனதாகக் கணக்கு.

நர்சம்மா அட்டையைப் பார்த்தார். ஹீமோகுளோபின் 9.4. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும்.

“முருங்கைக்கீரை சூப்பு குடுத்துட்டிருக்கோம்” என்றார் மாப்பிள்ளை.

“நல்லதுங்க. கூடவே இந்த மாத்திரையும் போடோணும்.” பிறகு பெண்ணிடம் திரும்பினார். “நீ சொல்லு கண்ணு. உனக்கு எங்க பெத்துக்கோணும்?”

“நாங்க வீட்டுலதான்...”

“உங்களைப் பொறகு கேக்கறேனுங்க.”

எட்டு மாதத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் காபி டம்ளரை நீட்டுகிற சாக்கில் நர்சம்மாவின் போன் நம்பரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

நர்சம்மா போகிற போக்கில் சொன்னதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. பிள்ளை வெளியே வந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. குளிர்பெட்டியில் வைத்துக் காக்கிற ஆக்சிடோசின் ஊசி அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ரத்தம் ஏற்ற வசதி பக்கத்தில் இருக்க வேண்டும். யாருக்கு நிற்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடம்பில் ஏற்கெனவே ரத்தம் குறைந்த பெண்ணுக்குத் தாங்கும் சக்தியும் குறைவு. 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண் வீட்டில் பிள்ளை பெற்று, ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனார். யூடியூப் பார்த்துப் பிரசவம் பார்த்ததாகச் செய்தி வந்தது. பிள்ளை பிழைத்தது.

வலி ஒரு வியாழக்கிழமை விடியற்காலை இரண்டு மணிக்கு வந்தது. தண்ணீர் வராத நாள். மாப்பிள்ளை பதறவில்லை, திருத்தம் 14-ல் அதற்கும் வழி இருந்தது. மேல்தொட்டித் தண்ணீரை வாளி வாளியாகக் காய்ச்சி, வெப்பமானியை விட்டுப் பார்த்து, பச்சைத்தண்ணி விளாவி, மறுபடி பார்த்து, ஹாலுக்கும் குளியலறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவர் மூன்றாவது வாளிக்குக் குளியலறைக்குள் நுழைந்த சமயம், மாமியார் கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்தார். பழைய நூல்சேலைத் துண்டுகள், நைட்டி, ஃபிளாஸ்க், அட்டை, ஆதார் நகல் எல்லாம் ஒரு மாதமாக அதில் தயாராக இருந்தன. நர்சம்மா சொல்லிவைத்தபடி 108 வண்டி சைரன் போடாமல் வாசலில் வந்து நின்றது. ஆத்தா மட்டும் வீட்டுக்குக் காவல்.

முப்பத்தேழு டிகிரி சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில் வெளியே வந்த மாப்பிள்ளைக்கு ஹாலில் ஆத்தாதான் தெரிந்தார். செல்போனில் அம்மாவின் செய்தி: “ஆஸ்பத்திரி போறோம். மோட்டரை நிறுத்திட்டு, ஆத்தாளுக்கு மாத்திரை குடுத்துட்டு வா.”

அரசு மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை விடுவார்கள். பெண்ணைப் பெற்றவள் உள்ளே போனாள். ஏழே முக்காலுக்குப் பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். கத்தி வைக்கவில்லை. பிறந்த பிறகு ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போயிற்று, ஊசியும் சொட்டு மருந்தும் ஏறின, நின்றுவிட்டது. செவிலியர்களுக்கு அது பேச்சாகவே தோன்றவில்லை, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். வெளியே பெஞ்சில் மாப்பிள்ளை யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “சுகப்பிரசவம்தாங்க. நான்தான் முதல்லயே சொன்னனே. எல்லாம் முருங்கைக்கீரை.”

தொட்டி இப்போது மொட்டைமாடியில் இருக்கிறது. ஆத்தா அதில் மல்லி காயவைக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாப்பிள்ளை இருந்தால் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். வலி வந்ததும் வெந்நீர் காய்ச்சச் சொல்லுங்கள். காய்வதற்குள் 108 வந்துவிடும்.