கோடை விடுமுறைக் கள்ளச் சமையலில் தடயங்களின் பங்கு

ஏப்ரலில் கடைசிப் பரீட்சை முடிந்த மதியம் தொடங்கி, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் நாள் வரை, கடலூர் மாவட்டத்துச் செம்மண் பூமியில், குறிப்பாகப் பண்ருட்டியைச் சுற்றியுள்ள முந்திரித் தோப்புகளிலும் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைகளிலும், ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள ஒரு கூட்டம் வீட்டுக்குத் தெரியாமல் சமைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறது. இதைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் வேப்பமர நிழல் வரும், 'அந்தக் காலம்' வரும், முடிவில் ஒரு பெருமூச்சும் வரும். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஊரே உண்ட மயக்கத்தில் கிடக்கும் கத்திரி வெயில் நேரத்தில், ஆள் அரவமில்லாத தோப்பில், இத்தனை முன்னேற்பாட்டோடு நடந்த காரியம் அன்று பொழுது சாய்வதற்குள் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

இக்கட்டுரையின் கருதுகோள் எளியது. பையன்களிடம் சாமர்த்தியம் குறைவு என்பது காரணமல்ல. விடுமுறைச் சமையலில் சேரும் பண்டங்கள் அத்தனையும் தின்றவனைக் காட்டிக்கொடுக்கும் சுபாவம் உள்ளவை.

ஆய்வேடு என்றால் முன்னோடிகளுக்கு ஓர் இடம் கொடுத்தாக வேண்டும். குறும்புக்காரப் பையன்களைப் பற்றிய நம்முடைய தலைசிறந்த பழைய ஆவணம் கலித்தொகையின் 51ஆம் பாட்டு; குறிஞ்சிக்கலி, பாடியவர் கபிலர். தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்து, சூடிய மாலையைப் பறித்து, பந்தையும் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவனைப் பற்றித் தலைவி தோழியிடம் சொல்கிறாள். பின்னாளில் அதே ஆள் தண்ணீர் கேட்டு வீட்டு வாசலில் நிற்கிறான். அவள் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கையைப் பிடித்துவிடுகிறான். அவள் அலற, அம்மா ஓடி வர, தண்ணீர் குடிக்கையில் விக்கிக்கொண்டான் என்று மகள் சமாளிக்கிறாள். அம்மாவும் அதை நம்பி அவன் முதுகை நீவிவிடுகிறாள். தமிழறிஞர்கள் இந்தப் பாட்டைக் காதல் நயத்துக்காகக் கொண்டாடுவார்கள். தடயவியல் நோக்கில் இதில் கவனிக்க வேண்டியது வேறு. பொய் நின்றதற்குக் காரணம் தண்ணீர். அதற்கு நிறமில்லை, பிசினில்லை, கறையில்லை. தலைவன் அன்று மாங்காய் கேட்டிருந்தால் குறிஞ்சிக்கலியில் ஒரு பாட்டு குறைந்திருக்கும்.

மணலிலேயே சோறாக்கி மணலையே பரிமாறி விளையாடிய அந்தக்காலப் பெண்பிள்ளைகளும் இவ்வகையில் புத்திசாலிகள். தட்டிவிட்டால் தடயம் போயிற்று. நம் ஆட்கள் நிஜ அடுப்பு, நிஜ அரிசி என்று இறங்கினார்கள். வினையும் அங்கேதான் தொடங்கியது.

மாங்காய்க்குப் போவதற்கு முன் சட்ட நிலையைத் தெளிவாக்கிவிடுவது நல்லது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு திருட்டுக்கு இலக்கணம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு உட்கார்ந்திருக்கிறது. இரண்டின்படியும் அசையும் பொருளைத்தான் திருட முடியும். நிலத்தோடு பிணைந்து நிற்கும்வரை எதுவும் அசையும் பொருள் ஆகாது. பிரிந்த கணத்தில்தான் அந்தத் தகுதி வருகிறது. ஆக, காம்பில் தொங்கும் மாங்காயைத் திருட எவராலும் முடியாது. கல் பட்டுக் காம்பு அறுந்து, அது தரைக்கு வந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் குற்றத்துக்கான வாய்ப்பே உண்டாகிறது. 'நாங்க பறிக்கல பெரியப்பா, கீழ கெடந்துது' என்ற வாதத்தை எதிர்பார்த்தவர்களைப் போல, பறிக்கும் செயலும் எடுக்கும் செயலும் ஒன்றாகவே நடந்தாலும் திருட்டு திருட்டுதான் என்று சட்டம் எழுதியவர்கள் ஒரு விளக்கத்தைச் சேர்த்துவைத்தார்கள். ஆனால் ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்வது எதுவும் குற்றமல்ல என்றும், ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு விளைவை உணரும் பக்குவம் இல்லையென்றால் அதுவும் குற்றமல்ல என்றும் அதே சட்டம் விலக்களிக்கிறது. மரத்தில் எப்போதும் கூட்டத்திலேயே சின்னப் பையனை ஏற்றிவிடும் வழக்கம் இந்தச் சட்ட நுணுக்கம் தெரிந்ததால் வந்ததா, நுனிக்கிளை மற்றவர்களைத் தாங்காது என்பதால் வந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி மாங்காய். அரிவாள்மனையில் நறுக்கினால் அது வீட்டுச் சமையல். தோப்பில் கல்லில் குத்தி உடைக்க வேண்டும். வீட்டில் மாட்டிக்கொண்டால் கதவிடுக்கில் கொடுத்து நெருக்க வேண்டும். காரணமில்லாமல் இல்லை. நறுக்கிய கீற்றின் வழவழப்பில் உப்பும் மிளகாய்த்தூளும் ஒட்டுவதில்லை. உடைந்த மாங்காயின் சிலும்பல்களில் ஒவ்வொரு துகளும் போய் உட்காரும். கிளிமூக்கு மாங்காய் இதற்கு உத்தமம். நாக்கில் மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பி, சுட்டுப்பொசுக்கும் வெப்பத்தை உணரும் அதே ஏற்பிதான் என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கத்திரி வெயிலில் வெறுங்காலோடு நின்றுகொண்டு மாங்காயும் மிளகாய்த்தூளும் தின்று, உள்ளங்கால் எரிகிறதா உதடு எரிகிறதா என்று தெரியாமல் குதித்த ஒருவரும் இந்தப் பரிசுக்குப் பரிசீலிக்கப்படவில்லை.

கதவு முதல் சாட்சி. இடுக்கில் வழிந்த சாறு காய்ந்து, அடுத்த நாள் காலை கீலிலிருந்து நிலைப்படி வரை எறும்புகள் சாரை கட்டும். இரண்டாவது சாட்சி இன்னும் உறுதியானது: பால். காம்பைக் கிள்ளியதும் பீய்ச்சியடிக்கும் மாம்பால் தோலைப் பொத்துப்போகச் செய்யும். விவரம் தெரிந்தவர்கள் காம்பைக் கீழ்நோக்கிப் பிடித்து வடியவிட்டு மண்ணில் தேய்த்துவிட்டுத்தான் கடிப்பார்கள். அவசரக்காரன் அப்படியே வாயில் வைப்பான். மறுநாள் வாயோரத்தில் கருத்துப்போன ஒரு தழும்பு வந்து உட்கார்ந்துவிடும், பள்ளிக்கூடம் திறக்கும்வரை கூட இருக்கும். இதற்குத் தாவரவியலில் விளக்கம் உண்டு. மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் ஒரே குடும்பம். துணி வெளுப்பவர்கள் எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று அழியாத குறி போடப் பயன்படுத்தியது சேங்கொட்டைச் சாற்றைத்தான். உடைமைக்குக் குறி போடுவது அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரைத் தொழில். துணியில் போட்டால் என்ன, உதட்டில் போட்டால் என்ன.

மரத்தில் முசுறு இருந்தால் மூன்றாவது சாட்சியும் தயார். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் இந்தச் சிவப்பெறும்புகளைப் பூச்சி பிடிப்பதற்காகச் சீனத்து ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக மரத்தில் விட்டு வளர்த்தார்கள். நம் பெரியப்பாக்கள் அவை பையன் பிடிப்பதையும் அறிந்திருந்தார்கள். மருந்து அடிக்காமல் விட்டுவைத்ததை இயற்கை வேளாண்மை என்று மட்டும் கருத முடியாது.

முந்திரியை ஒரு சாட்சி என்று எண்ணுவது தவறு. பழம் தனி, கொட்டை தனி. பழத்தை உப்புத் தொட்டுத் தின்ன வேண்டும், இல்லையென்றால் தொண்டை கரகரக்கும். சட்டையில் சாறு சொட்டாமல் தின்றவர் இன்னும் பிறக்கவில்லை. சொட்டியபோது ஒன்றும் தெரியாது. துவைத்தபின் பழுப்பாக எழுந்து நிற்கும், சட்டை கிழியும்வரை இருக்கும். கொட்டையைச் சுடுவது நெருப்பு விளையாட்டு. உடைந்த பானை ஓட்டிலோ ஓட்டை போட்ட தகரத்திலோ கொட்டைகளைப் பரப்பி, முந்திரிச் சருகை அள்ளிப்போட்டுப் பற்றவைத்தால், ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கசிந்து தானே தீப்பிடித்துச் சீறும். கண்ணும் மூக்கும் எரியும் கரும்புகை. சரியான கணத்தில் மண்ணை வாரிப்போட்டு அணைக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் பால் தெறித்துக் கை வெந்துபோகும், கொஞ்சம் பிந்தினால் பருப்பு கரி. லாரிகளின் பிரேக் பட்டை செய்ய உதவும் எண்ணெய் அது. அதைத் தொட்ட கை இரண்டு சோப்புக்கெல்லாம் வெளுக்குமா? முந்திரி வியாபாரத்தில் டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 320 முழுப்பருப்பு என்று கணக்கு. தோப்பில் கருங்கல்லால் தட்டி எடுத்த பருப்புக்கு எந்தத் தரமும் பொருந்தாது. பாதி கல்லில் ஒட்டியிருக்கும், மீதியில் மண் இருக்கும். ஏற்றுமதிப் பருப்பை நெய்யில் வறுத்துத் தட்டில் வைத்தாலும் அந்த மண் கலந்ததற்கு ஈடாகாது என்பது இக்கட்டுரையாளரின் சொந்த அபிப்பிராயம்; நிரூபணம் கிடையாது.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். அறுவடை முடிந்த கொல்லையில் தப்பிய மல்லாட்டையைக் கிளறியெடுத்துச் சருகில் சுட்டால் வாயைச் சுற்றிக் கரி. பலாப்பிசின் ஒட்டினால் எண்ணெய்க்குத்தான் அசையும். எண்ணெய்ப் போத்தல் குறைவதும் தடயம்தான். புளி, வெல்லம், உப்பு, வரமிளகாய், கொஞ்சம் சீரகம் சேர்த்து நசுக்கி ஈர்க்குச்சியில் உருட்டிவைத்துச் சப்பினால் பல் கூசி, ராத்திரி முறுக்கைக் கடிக்க முடியாது. 'ஏன் திங்கல?' என்ற ஒரு கேள்வியில் வழக்கு முடிந்துவிடும். நுங்கு மட்டும் நல்லவன். கட்டைவிரலால் நோண்டிக் குடித்தால் வாயில் ஒரு தடயமும் இல்லை. ஆனால் தின்றவர்கள் சும்மா விடுவதில்லையே, இரண்டு வெற்று நுங்குக் கூந்தலுக்கு நடுவில் குச்சியைச் செருகி வண்டி செய்து, கவைக்கோலால் வீட்டு வாசல் வரை ஓட்டிக்கொண்டே வருவார்கள்.

இந்த உணவுகளைப் பாரம்பரிய நாட்டு உணவு என்று சொல்வோர் உண்டு. மிளகாயும் முந்திரியும் மல்லாட்டையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவை. தொரட்டி போட்டு இழுத்த கொடுக்காப்புளிக்கு மெக்சிகோ பக்கம் பூர்வீகம். அடுப்புக்கு ஒடித்த சீமைக்கருவேலங்குச்சியும் அந்தப் பக்கத்து ஆள்தான். புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா. பக்கத்து ஊருக்குப் போகவே அனுமதியில்லாத பையன்கள் உலகத்தையே சுட்டுத் தின்றார்கள். உள்ளூர் என்று சொல்லிக்கொள்ள மாங்காய், பலா, பனை, உப்பு, அப்புறம் பெரியப்பாவின் வசவு.

கடைசியாகத் தலைமைப் பண்டம்: கூட்டாஞ்சோறு. திருநெல்வேலி வீடுகளில் பருப்பும் காய்கறியும் சேர்த்துப் பக்குவமாகச் செய்யும் கூட்டாஞ்சோறு வேறு, அதற்கு அம்மா உண்டு. இங்கே ஆளுக்கு ஒரு பிடி அரிசி, அவரவர் டவுசர் பையில் வரும். ஒருவன் வீட்டில் ரேஷன் புழுங்கல், இன்னொருவன் வீட்டில் கடையில் வாங்கிய பொன்னி, பொங்கலுக்கு வாங்கி மீந்த பச்சரிசி மூன்றாமவனுடையது. பச்சரிசி சீக்கிரம் வெந்துவிடும், புழுங்கல் நேரம் கேட்கும். இவற்றை ஒரே சட்டியில் கொட்டினால் ஒரே கவளத்தில் குழைந்த சோறு, பதமான சோறு, நறுக்கென்று கடிபடும் அரிசி என மூன்று பருவமும் கிடைக்கும். எந்த ஓட்டலிலும் இதைச் செய்யத் தெரியாது. அடுப்புக்கு மூன்று கல் என்பதில் மட்டும் கூட்டத்துக்குள் கருத்து வேறுபாடு வந்ததில்லை. நான்கு கல் வைத்தால் ஒன்று ஏதாவது குட்டையாகிச் சட்டி ஆடும். மூன்று எப்படி வைத்தாலும் நிற்கும். வடிவியல் பாடத்தில் தோற்றவனுக்கும் தெரியும் இது.

சட்டி கிடைக்காத நாளில் கொட்டாங்கச்சி. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது லேசில் எரியாது. ஓட்டின் சூட்டைத் தண்ணீர் இழுத்துக்கொண்டே இருக்கும். கண்ணுள்ள பாதியை எடுக்கக் கூடாது. மூன்று கண்ணில் ஒன்று மெத்து, கொதிக்கும்போது பொத்துக்கொண்டு அடுப்பை அணைத்துவிடும். வீட்டுச் சட்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தவர்கள்தான் மாட்டினார்கள். வெளிப்புறத்தில் சாம்பலையோ சேற்றையோ குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் வைத்தால், பிறகு தேய்க்கும்போது கரி அதோடு சேர்ந்து வந்துவிடும். அந்த ஞானம் பையன்களுக்கு வருவதற்குள் மீசை வந்துவிடுகிறது.

விசாரணை எல்லா வீட்டிலும் ஒரே ஒழுங்கில்தான் நடக்கும். 'எங்கடா போன?' என்பது சம்பிரதாயக் கேள்வி. பதில் காதில் வாங்கப்படும், ஏற்கப்படாது. பிறகு 'கையக் காட்டு', 'வாயத் தொற'. மேல்முறையீட்டுக்கு ஆயாவிடம் ஓடினால், ஆயா தலையைக் கட்டிக்கொள்ளும் சாக்கில் முடியை மோந்து பார்த்து, சருகுப் புகையா முந்திரிப் புகையா என்றுகூடச் சொல்லிவிடும். இங்கே ஆய்வாளரைக் குழப்பும் ஒரு தரவும் உண்டு. இவ்வளவு தெரிந்தும், மிளகாய்த்தூள் டப்பாவையோ உப்புச் சாடியையோ மேல் தட்டுக்கு மாற்றிய அம்மா ஒருவரும் இல்லை. நெய் மாறும், வெல்லம் மாறும், ஊறுகாய் ஜாடி பரணுக்கே போகும். உப்பும் மிளகாய்த்தூளும் மட்டும் எட்டும் உயரத்திலேயே இருக்கும்.

மேற்சொன்ன எந்தத் தடயமும் இல்லாமலே வழக்கு முடிந்த சந்தர்ப்பங்களும் உண்டு. வாயைக் கழுவி, கையை மண்ணில் தேய்த்து, சட்டையைத் திருப்பிப் போட்டு, முடிக்குக் குளத்தில் ஒரு முங்கும் போட்டு வந்தவர்கள் வாசலிலேயே பிடிபட்டார்கள். அவற்றையெல்லாம் ஒருசேரப் பார்த்தால் பின்னணியில் ஒரே ஆள்தான்: கூடவே வருவேன் என்று அழுது, பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்ட தங்கச்சி. 'எம்மா, அண்ணனுங்க பெரிப்பா கொல்லையில சோறாக்குறாங்க, எனக்கு ஒரு வாய்கூடத் தரல.' புகாரின் முன்பாதியை அம்மாக்கள் பிடித்துக்கொண்டார்கள். பின்பாதியைப் படித்துத் தேறிய கூட்டங்கள் மட்டுமே அடுத்த வருஷம் தப்பின. அவர்களுடைய நடைமுறையில் தங்கச்சிக்கு அடுப்புப் பக்கத்திலேயே இடம், முதல் இலையும் அவளுக்கே. அடிப்பிடித்த பகுதியைச் சுரண்டி அவள் இலையில் வைக்கக் கூடாது. ருசி பிடிக்காத சாட்சியும் பேசும்.